இரண்டு இரவுக் கப்பல் ஏறப் போகிறீர்களா? அந்த பாட்டிலை வாங்காதீர்கள்

வெள்ளிக்கிழமை மாலை சிங்கப்பூர் மரினா பே துறைமுகத்தில் ஏறி, ஞாயிறு பகலில் அங்கேயே இறங்கும் கப்பலில் வாங்கும் மதுவுக்குச் சிங்கப்பூரில் வரிச் சலுகை கிடையாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த முறை சிங்கப்பூருக்கு வந்தபோது இறங்கும் இடத்தில் பார்த்தது இன்னும் ஆறவில்லை.

சிட்னி பக்கமிருந்து பெற்றோரைப் பார்க்க வந்த ஒரு குடும்பம். கப்பல் கடையின் முத்திரை ஒட்டிய பை, உள்ளே ஒரு லிட்டர் விஸ்கி இரண்டு, ரசீது வெளியே தெரிகிறது. ரசீதில் வரியில்லா விலை என்றுதான் அச்சடித்திருக்கிறது. சுங்க அதிகாரி கேட்டது ஒரே கேள்விதான்: "எப்போது கிளம்பினீர்கள்?" வெள்ளிக்கிழமை இரவு. பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்புறம் எதுக்குப்பா கப்பல்ல விக்கிறாங்க?" என்று மகனிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நடுக்கடலில் விற்பது சட்டப்படி சரிதான். ஆனால் இரண்டே இரவு போகும் கப்பலில், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு அறிவிப்பு வைத்தால் என்ன? அங்கே வாங்குகிற அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை எங்கே இறங்கப் போகிறார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியும்.

விதி இதுதான். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து வந்திருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால்தான் சலுகை. வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்குக் கிளம்பி ஞாயிறு நண்பகலில் திரும்பினால் 39 மணி நேரம்தான் ஆகிறது. மூன்று இரவு என்றால் 48 மணி தாண்டிவிடும், ஆனால் கடைசியாகத் தொட்ட துறைமுகம் பினாங்கோ போர்ட் கிளாங்கோ என்றால் மலேசியாவிலிருந்து வந்ததாகத்தான் கணக்கு. குறுகிய பயணங்களில் பல இந்த இரண்டில் ஒன்றில் அடிபட்டுப் போகும்.

கட்ட வேண்டியது எவ்வளவு? விஸ்கிக்கு, அதிலுள்ள சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தீர்வை. 40 விழுக்காடு உள்ள ஒரு லிட்டர் பாட்டிலில் 0.4 லிட்டர் ஆல்கஹால், அதற்கு 35 வெள்ளி 20 காசு. பாட்டில் விலை 60 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், விலையும் தீர்வையும் சேர்ந்த 95 வெள்ளி 20 காசுக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி, ஏறக்குறைய 8 வெள்ளி 57 காசு. ஆக 60 வெள்ளி பாட்டிலுக்கு இன்னும் 44 வெள்ளி அழ வேண்டும். தானாகவே சிவப்பு வழிக்குப் போய்ச் சொல்லிக் கட்டினால் இதோடு முடிந்தது. சொல்லாமல் பச்சை வழியில் நடந்து பிடிபட்டால் அது வரி ஏய்ப்பு. பணத்தோடு நிற்காது.

சாக்லேட், வாசனைத் திரவியம் போன்றவற்றுக்கு வேறு கணக்கு: 48 மணிக்கு மேல் வெளியே இருந்தவருக்கு 500 வெள்ளி மதிப்பு வரை பொருள் சேவை வரி விலக்கு, 48 மணிக்குக் குறைவு என்றால் 100 வெள்ளி வரை மட்டும். மதுவும் சிகரெட்டும் இந்த விலக்கில் சேராது. சிகரெட்டுக்கு ஒரு குச்சிக்குக்கூடச் சலுகை இல்லை. வேப் வைத்திருப்பதே இங்கே குற்றம். வெளிநாட்டுப் பழக்கத்தில் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் பெரியவர் ஒருவர் 2.25 லிட்டர் மது கொண்டுவரலாம், எத்தனை மணி நேரம் வெளியே இருந்தார் என்ற பேச்சே இல்லை. அங்கிருந்து வருகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

இதற்கெல்லாம் அடியில் உள்ள காரணம் ஒன்றுதான். சிட்னியிலோ பிரிஸ்பனிலோ உள்நாட்டுக்குள்ளேயே மூன்று இரவு சுற்றிவரும் கப்பல் உண்டு. ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி ஏறுகிற குடிமக்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் உள்நாட்டுக் கடல் பயணம் என்று ஒன்று ஏது? எந்தத் துறையையும் தொடாமல் திரும்பினாலும் குடிநுழைவில் வெளியேறி, மறுபடி உள்ளே வருகிறீர்கள். ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடப்பிதழ் வேண்டும். வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியபோது நிரப்பிய எஸ்ஜி அரைவல் கார்டு (இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை) இதற்கு உதவாது. புதிதாக ஒன்று நிரப்ப வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. திரும்பும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அதை அனுப்ப முடியும். வெள்ளி ஏறி ஞாயிறு இறங்குபவர், கிளம்பும் வெள்ளிக்கிழமையே வீட்டு வைஃபையில் முடித்துவிடலாம். வெள்ளி ஏறித் திங்கள் இறங்குபவருக்கு சனிக்கிழமைதான் கதவு திறக்கிறது, அப்போது அவர் கடலில் இருப்பார். கப்பல் இணையம் காசு. வழியில் துறைமுகத்தில் இறங்கும்போது கைத்தொலைபேசியில் முடித்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. குடிநுழைவு ஆணையத்தின் சொந்தத் தளத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் என்றால் உடனே மூடிவிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையோ மாமனார் மாமியாரையோ அழைத்துப்போகிறவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே விசாவைப் பாருங்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசா சாங்கியிலேயே தீர்ந்துபோயிருக்கும். கப்பலில் ஏற்ற மறுப்பார்கள், அந்த இடத்தில் யாரிடம் பேசியும் பயனில்லை. தாத்தா பாட்டியோடு பேரப்பிள்ளைகள் மட்டும் போவதென்றால் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் கேட்பார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையையும் 24 வாரக் கர்ப்பத்தை எட்டியவரையும் பல நிறுவனங்கள் ஏற்றுவதில்லை.

எங்கே ஏறுவது என்பதிலும் பழைய ஆட்கள் தடுமாறுகிறார்கள். சூப்பர்ஸ்டார் விர்கோ என்ற பழைய உல்லாசக் கப்பலின் காலத்தில் கப்பல் என்றால் ஹார்பர்ஃபிரண்ட்தான். அதை இன்னும் வேர்ல்ட் ட்ரேட் சென்டர் என்றே சொல்லும் வாய்கள் நம் வீடுகளில் உண்டு. கேபிள் கார் தலைக்கு மேல் போக, வழியனுப்ப வந்த சொந்தங்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டுப் பிரிந்த இடம் அது. பெரிய கப்பல்கள் 2012 முதல் மரினா பே நிலையத்துக்குப் போய்விட்டன. டாக்சியில் ஏறி வெறுமனே 'குரூஸ் சென்டர்' என்றால் எது என்ற குழப்பம் வரும், மரினா சவுத் என்று சேர்த்துச் சொல்லுங்கள். எம்ஆர்டி ரயிலில் வந்தால் சிவப்புத் தடத்தின் கடைசி நிலையம், மரினா சவுத் பியர். அங்கிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். சிட்னி சர்குலர் கீயில் ரயிலை விட்டு இறங்கினால் எதிரே கப்பல் நிற்கும். அந்த நினைப்போடு முதியவர்களை எம்ஆர்டியில் கூட்டிவராதீர்கள். இத்தனை அழகாக நிலையம் கட்டியவர்கள் ரயிலை வாசல்வரை கொண்டுவந்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஏறும் நேரம் தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். அதற்கு முன்னால் வந்தால் நிற்க வேண்டியதுதான். பெரிய பெட்டியைக் கொடுத்துவிட்டால் அறைக்கு வந்துசேர மாலை ஆகிவிடும், சில சமயம் இரவுச் சாப்பாடுவரைகூட. இரண்டு இரவுப் பயணத்தில் அது பாதி நாள். நீரிழிவு மருந்து, இன்சுலின், பால் பவுடர், நீச்சலுடை, கடப்பிதழ் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு சிறு பையோடு போய், அதை நீங்களே தூக்கிச் செல்வதுதான் உத்தமம். குட்டி ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் ஸ்கேனரில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். கடைசி நாள் அதற்கென்று தனி வரிசையில் நின்று வாங்க வேண்டும். சிங்கப்பூரின் மூன்று முள் பிளக் பல கப்பல்களில் பொருந்தாது. அமெரிக்க, ஐரோப்பிய வகைத் துளைகள்தான் இருக்கும்.

கிளம்புவதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. ஏழு குட்டைச் சங்கொலி, பிறகு ஒரு நெடிய ஒலி, அதுதான் அவசர அழைப்பு. உங்கள் கூடுமிடத்துக்குக் காலால் நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள், தொலைபேசியில் காணொளி பார்த்தது மட்டும் போதாது. 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறியவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் என்ற விதி அதன் பிறகு வந்தது.

கப்பல் நகர்ந்ததும் தொலைபேசியை ஃபிளைட் மோடுக்கு மாற்றுங்கள். தெற்கே இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு கண்ணெதிரே இருக்கிறது. அங்குள்ள கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால் ரோமிங் ஓட ஆரம்பிக்கும், கூடவே கடிகாரம் இந்தோனேசிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். திரையில் 5 மணி, கப்பலில் 6 மணி. மாலைக் காட்சிக்கு இடம் பதிந்துவிட்டுத் தவறவிடுகிறவர்கள் இப்படித்தான் தவறவிடுகிறார்கள். தானியங்கி நேரத்தை நிறுத்திவைத்துவிட்டு, சுவரில் காட்டும் கப்பல் நேரத்தை நம்புங்கள். கரை மறைந்த பின் வரும் கப்பலின் சொந்த செயற்கைக்கோள் அலைவரிசை பெரும்பாலான ரோமிங் திட்டங்களில் சேராது.

சாப்பாடு, அறை, நிகழ்ச்சிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் பதியும்போதே சொல்லிவைத்தால் போதும். சேவைக் கட்டணம் ஆளுக்கு, ஒவ்வோர் இரவுக்கும் தனியாக ஏறும், பல கப்பல்களில் அமெரிக்க டாலரில்.

துறைமுகம் தேர்ந்தெடுக்க முடிந்தால் பினாங்கு எடுங்கள். ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கி நடந்தே லிட்டில் இந்தியாவுக்கும் குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலுக்கும் போய்வரலாம். போர்ட் கிளாங்கில் கப்பல் நிற்பது புலாவ் இண்டாவில், ஊரை விட்டு ஒதுங்கிய தீவில். கோலாலம்பூர் போய்வர நெரிசலோடு சேர்த்து அரை நாள் சாலையிலேயே கழியும், பத்துமலைக்கும் அப்படித்தான். தனி டாக்சி எடுத்துத் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

மலாக்கா நீரிணையில் சுமத்திராவின் மறைவு இருப்பதால் அலை குறைவு. டிசம்பரிலிருந்து தென்சீனக் கடல் பக்கம் போகும் கப்பல் ஆடும். வடகிழக்குப் பருவக்காற்று நேரம் அது. வாந்தி வரும் உடம்புக்காரர்கள் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், வந்த பிறகு போட்டால் தங்காது.

இறங்கும் காலையில் பெட்டியைக் கொடுத்தவர்கள் நிற அட்டை வரிசைப்படி காத்திருப்பார்கள், தாமே தூக்கியவர்கள் முன்னால் போவார்கள். பிறகு குடிநுழைவு, சுங்கம், டாக்சி என்று மூன்று வரிசை. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள். அன்று பிற்பகல் விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள். இரவு விமானம் என்றால் சரி, மறுநாள் என்றால் இன்னும் நல்லது.