பூவாரில் ஆறு வருஷம்: எங்கள் வள்ளத்துக்கு எடுத்த மூன்று பாலிசிகள்

2019 ஆவணியில் 18 அடி ஃபைபர் வள்ளம் ஒன்று வாங்கினோம். 40 ஹெச்.பி. அவுட்போர்டு எஞ்சின், அதாவது பின்பலகையில் வெளியே மாட்டுவது. வள்ளத்துக்கு 3,80,000, எஞ்சினுக்கு 2,70,000, ஆக மொத்தம் 6,50,000 ரூபாய். எங்கள் வீடு கொல்லங்கோடு பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள். வள்ளம் கிடப்பது கேரளத்துப் பூவாரில், நெய்யாறு கடலில் சேரும் பொழிக்கு ஒரு கிலோமீட்டர் உள்ளே, என் மனைவியின் சித்தப்பா வீட்டுக் கடவில் (படித்துறையில்). ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு ஒரு சுற்று, மாலையில் தூண்டில், ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் சொந்தக்காரர்கள். அவ்வளவுதான் எங்கள் ஓட்டம். வாடகைக்கு ஒரு நாளும் விட்டதில்லை.

இந்த ஆறு வருஷத்தில் இரண்டு தடவை அடிபட்டது. ஒரு தடவை காசு கிடைக்கவில்லை, ஒரு தடவை கிடைத்தது. கார் இன்சூரன்ஸ் பற்றித் தமிழில் எவ்வளவோ எழுதிவிட்டார்கள். சொந்த உபயோகத்துக்கு வள்ளம் வைத்திருப்பவர்களுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. அதனால் என் கணக்கை அப்படியே வைக்கிறேன்.

முதலில் எல்லைப் பிரச்சினை. மார்த்தாண்டத்தில் நான் கேட்ட ஏஜென்ட், "ஆதார் தமிழ்நாடு, வள்ளம் கேரளா. இது நடக்காது சார்" என்று சொல்லிவிட்டார். கேரளத்துப் பக்கம் நெய்யாற்றின்கரையில் கேட்டபோது ஒரு சிக்கலும் இல்லை. வள்ளம் எங்கே பதிவாகியிருக்கிறது, எந்தத் தண்ணீரில் ஓடுகிறது என்பதைத்தான் பார்த்தார்கள். இப்போது இருக்கிற 2021-ஆம் வருஷத்து உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி ஒரு மாநிலத்தில் வாங்கிய பதிவு இந்தியா முழுக்கச் செல்லும். எஞ்சின் வைத்த வள்ளத்துக்குப் பதிவு, சர்வே சான்றிதழ் (வள்ளத்தை அரசு சோதித்துத் தருவது), இன்சூரன்ஸ் மூன்றும் வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். ஆகவே முகவரியைக் காட்டி யாராவது மறுத்தால் அடுத்த கதவைத் தட்டுங்கள்.

சரி, முதல் பாலிசி. வள்ளம் விற்றவரே ஒரு ஏஜென்டைக் கூட்டி வந்தார். வருஷத்துக்கு 5,200, அதோடு மூன்றாம் நபர் பொறுப்புக்கு 1,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 7,316 ரூபாய். ஆறரை லட்சத்துக்குக் காப்பு. மலிவு என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். பாலிசியின் முதல் பக்கத்திலேயே 'டோட்டல் லாஸ் ஒன்லி' என்று இருந்தது. அதன் அர்த்தத்தை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

2021 மே மாதம் டவ்தே புயல். கேரளக் கரை முழுக்க அடித்துப் பெய்த மழையில் நெய்யாறு பெருகி வந்தது. கடவில் கட்டியிருந்த வடங்களில் ஒன்று அறுந்து, ராத்திரி முழுக்க வள்ளம் கருங்கல் படியில் இடித்துக்கொண்டே கிடந்திருக்கிறது. விடிந்து பார்த்தால் வலது பக்கம் இரண்டு அடிக்கு ஃபைபர் பிளந்து, உள்ளே இருந்த பலகை தெரிகிறது. எஞ்சினைச் சித்தப்பா முந்தின நாளே கழற்றி வீட்டுக்குள் வைத்திருந்தார். அந்தப் புண்ணியத்தில் அது தப்பியது. ரெசின், மேட், ஜெல்கோட், கூலி எல்லாம் சேர்த்து 74,000 ரூபாய் ஆனது.

இன்சூரன்ஸிலிருந்து ஒரு ரூபாய் வரவில்லை. வள்ளம் முழுசாகப் போனால்தான் அந்தப் பாலிசி பணம் தரும். மூழ்கித் தொலைந்திருக்க வேண்டும், இல்லை ரிப்பேர்ச் செலவு காப்பீட்டு மதிப்பையே தாண்டியிருக்க வேண்டும். பிளந்தது, உடைந்தது, இடித்தது எதுவும் அதில் சேராது. எங்களைப் போல ஆற்றிலும் காயலிலும் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு வள்ளம் முழுசாகக் காணாமல் போவது அபூர்வம். எங்களுக்கு வருவதெல்லாம் இடியும் உரசலும் எஞ்சின் சேதமும்தான். எது நடக்குமோ அதற்குக் காப்பில்லாத தாளுக்கு இரண்டு வருஷம் பணம் கட்டியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த ஆவணியில் நிதானமாக உட்கார்ந்து இரண்டு இடத்தில் விலை கேட்டேன். பழைய வள்ளம் என்பதால் மதிப்பை 5,80,000-ஆகக் குறைத்துக்கொண்டோம். ஒரு பொதுத்துறைக் கம்பெனி 1.5 சதவீதம் சொன்னது: 8,700, பொறுப்புக்கு 1,200, ஜிஎஸ்டியோடு 11,682 ரூபாய். ஒரு தனியார் கம்பெனி 1.75 சதவீதம்: 10,150, பொறுப்புக்கு 1,500, ஜிஎஸ்டியோடு 13,747. இரண்டுமே உடைசலுக்கும் சேர்த்து முழுக் காப்பு. வித்தியாசம் 2,065 ரூபாய். என் மச்சினன், "இதிலென்ன யோசனை, குறைஞ்சதை எடுங்க அத்தான்" என்றான்.

நான் இந்த முறை உள்பக்கத்தைப் படித்தேன். மலிவானதில் 'எக்ஸஸ்' 25,000. அதாவது எந்த க்ளெய்மிலும் முதல் 25,000 நம் கையிலிருந்து. மற்றதில் 10,000. எங்கள் ஆற்றில் வருகிற ரிப்பேர்கள் பெரும்பாலும் இருபதாயிரத்துக்கும் அறுபதாயிரத்துக்கும் நடுவில்தான் இருக்கும். இருபத்தையாயிரம் எக்ஸஸ் என்றால் அதில் பெரும் பங்கு நம் கையிலிருந்தே போய்விடும். அதனால் தனியாரை எடுத்தேன். தனியார் என்பதற்காக அல்ல. வேறொரு வருஷம் பொதுத்துறையிலேயே பத்தாயிரம் எக்ஸஸ் கிடைத்தால் அங்கேயே போவேன்.

இன்னும் சில விஷயங்களையும் அப்போதுதான் கவனித்தேன். சொந்தப் படகுகளுக்கான பாலிசிகளில் 1985-இல் லண்டனில் எழுதிய 'யாட்' விதிகளின் வாசகம் இன்றைக்கும் அப்படியே வருகிறது. என்னுடையதிலும் அதுதான். அவுட்போர்டு எஞ்சின் கழன்று தண்ணீரில் விழுந்தால் காப்பு இல்லை. எஞ்சின் திருட்டுக்குக் காப்பு உண்டு, ஆனால் வழக்கமாக மாட்டும் திருகு தவிர தனியாக ஒரு திருட்டுத் தடுப்புப் பூட்டு போட்டிருக்க வேண்டும். இதைப் படித்த அன்றே பூட்டு வாங்கிப் போட்டேன். எங்கள் கடவுக்குப் பக்கத்தில் ஒருவருக்கு 25 ஹெச்.பி. எஞ்சின் ராத்திரியோடு போனது. பாலிசி இருந்தது, பூட்டு இல்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. பல வருஷம் வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த காசில் வாங்கிய எஞ்சின் அது. அவர் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

காருக்கு ஐ.டி.வி. (காப்பீட்டு மதிப்பு) போடுவது போல இங்கே 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்று ஒன்று உண்டு. முழு நஷ்டம் என்றால் அன்றைய சந்தை விலை எவ்வளவு என்று பேரம் பேசாமல், பாலிசியில் எழுதிய தொகையைத் தருவார்கள். அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் மதிப்பைத் தனித்தனியாக எழுதச் சொல்வதும் நல்லது. எஞ்சினை மாற்றினால் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். கடல்சார் காப்பீட்டில் நாம் மறைத்த ஒரு விஷயமே க்ளெய்மைக் கவிழ்க்கப் போதும்.

ஓடும் எல்லையையும் பார்க்க வேண்டும். என் பாலிசியில் கேரள உள்நாட்டு நீர்வழி மட்டும். பொழி திறந்திருக்கும் மாதங்களில் அந்தப் பக்கம் கடலைப் பார்த்தால் யாருக்கும் ஒரு ஆசை வரும். மணல் திட்டைத் தாண்டி அலைக்குள் போய்விட்டால் பாலிசி அங்கேயே முடிந்தது. இந்தப் பக்கம் கிழக்கே போவோம் என்றால் ஏ.வி.எம். கால்வாய் இருக்கிறது. 1860-இல் திருவிதாங்கூர் மகாராஜா பூவாரையும் கன்னியாகுமரியையும் இணைக்க வெட்டத் தொடங்கியது. என் தாத்தா அதில் வள்ளத்தில் தேங்காய் போனதைப் பார்த்திருக்கிறார். இப்போது ஆகாயத்தாமரையும் மண்ணும் மூடிக் கிடக்கிறது. அது மட்டும் தூர்வாரப்பட்டிருந்தால் எங்கள் வீட்டுப் பக்கம் வரை வள்ளத்திலேயே வந்திருப்போம். நினைத்தால் வயிறு எரிகிறது.

2022-இல் ஒரு சின்ன லாபம் கிடைத்தது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினால் இரண்டு மாதம் நாங்கள் வள்ளத்தைக் கரையேற்றி ஓலைக் கொட்டகையில் வைத்துவிடுவோம். அந்த இரண்டு மாதத்தை 'லே-அப்' என்று பாலிசியில் எழுதச் சொன்னேன். பிரீமியத்தில் ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகக் குறைத்தார்கள். ஆனால் அந்தத் தேதிகளில் வள்ளத்தை ஒரு தடவைகூட இறக்கக் கூடாது. இறக்கி ஏதாவது ஆனால் காப்பு இல்லை.

2023 மே 7 அன்று தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதில் எத்தனை குழந்தைகள். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி, அளவுக்கு மேல் ஆளேற்றியிருந்தார்கள். அன்று ராத்திரி என் மனைவி கேட்ட கேள்வி: "நம்ம வள்ளத்துல நமக்கு ஏதாவது ஆனா, பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்?" பாலிசியை எடுத்துத் தேடினேன். வள்ளத்துக்குக் காப்பு இருக்கிறது, அடுத்தவர் வள்ளத்தில் மோதினால் அவருக்கு ஐந்து லட்சம் வரை இருக்கிறது. உரிமையாளருக்கும் அவர் குடும்பத்துக்கும் ஒன்றும் இல்லை. என் பாலிசியில் அப்படி. உங்களுடையதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

இருவர் பேரிலும் பத்து பத்து லட்சத்துக்குத் தனிநபர் விபத்துப் பாலிசி எடுத்தேன். இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்குள். எடுக்கும் முன் ஒன்று கேட்டு எழுத்தில் வாங்கினேன்: சொந்த வள்ளத்தில் பொழுதுபோக்காகப் போவதை 'சாகச விளையாட்டு' என்று தள்ளிவிடுவீர்களா? இல்லை என்று மின்னஞ்சலில் பதில் வந்தது. அதை அச்செடுத்து வைத்திருக்கிறேன். லைஃப் ஜாக்கெட் போடாமல் யாரும் ஏறக் கூடாது என்பதும் அன்றையிலிருந்து வீட்டுச் சட்டம். சர்வே சான்றிதழில் ஆறு பேர் என்றால் ஆறு பேர்தான். ஏழாவதாக மாமியாரே வந்தாலும் அடுத்த சுற்றில்தான்.

அடுத்தது 2024 பிப்ரவரி. தண்ணீர் வற்றி இறங்கிய நேரம், தண்ணீருக்கடியில் கிடந்த தென்னங்குற்றி ஒன்றில் எஞ்சின் அடித்தது. ப்ரொபல்லர் உடைந்து, கியர் கேஸ் விரிசல் விட்டது. பின்பலகையில் ஃபைபரும் கிழிந்தது. துடுப்புப் போட்டுக் கடவுக்கு வந்தோம். வந்ததும் நான் செய்த முதல் வேலை, எதையும் தொடாமல் எல்லாப் பக்கமும் படம் எடுத்தது. அடுத்து அந்தக் குற்றியையும் படம் எடுத்தேன். அன்று மாலையே கம்பெனிக்கு மின்னஞ்சல்.

சர்வேயர் வந்தது ஒன்பதாம் நாள். இங்கே ஒரு குழப்பம் பலருக்கு வருகிறது: பதிவுக்காக வள்ளத்தைச் சோதிக்கும் அரசு சர்வேயர் வேறு, நஷ்டத்தைக் கணக்கிட இன்சூரன்ஸ் அனுப்பும் சர்வேயர் வேறு. வந்தவர் நல்ல மனிதர், திருவனந்தபுரத்துக்காரர். அவர் முதலில் கேட்டது உடைந்த எஞ்சினை அல்ல. "அன்றைய தேதிக்குச் சர்வே சான்றிதழ் உயிரோடு இருந்ததா?" இருந்தது. ஒரு மாதம் முன்புதான் புதுப்பித்திருந்தோம். அது இல்லையென்றால் மேற்கொண்டு பேச்சே இருந்திருக்காது.

பில் 58,400. அதில் எஞ்சின் வேலை 46,500, ஃபைபர் வேலை 11,900. எஞ்சின் தானாகக் கெட்டால் காப்பு இல்லை. ஆனால் தண்ணீர் தவிர வேறு பொருளில் மோதி உடைந்தால் உண்டு. குற்றியின் படம் அங்கேதான் கைகொடுத்தது. பழைய எஞ்சினுக்குப் புதுப் பாகம் என்பதால் எஞ்சின் தொகையில் மூன்றில் ஒரு பங்கு, 15,500, கழித்தார்கள். அதற்கும் விதியில் இடம் உண்டு. மீதி 42,900-இல் எக்ஸஸ் 10,000 போக 32,900 கைக்கு வந்தது. மலிவான பாலிசியை எடுத்திருந்தால் 17,900 வந்திருக்கும். மூன்று வருஷத்தில் நான் கூடுதலாகக் கட்டியது ஆறாயிரம் சொச்சம், கூடுதலாகக் கிடைத்தது 15,000. மச்சினனுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன்.

பணம் வர எழுபது நாளுக்கு மேல் ஆனது. ஒரே பில்லை மூன்று தடவை கேட்டார்கள். அனுப்பியதற்குப் பதில் வராது, ஃபோன் செய்தால் வேறொருவர் எடுப்பார். எங்களுக்கு இது பொழுதுபோக்கு வள்ளம். அதை நம்பிப் பிழைப்பவர் எழுபது நாள் எப்படிக் காத்திருப்பார்? கடைசியில் எழுத்தில் புகார் கொடுத்தேன். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போவேன் என்று அதிலேயே குறிப்பிட்டேன். கேரளத்துக்கான அலுவலகம் கொச்சியில் இருக்கிறது, கட்டணம் கிடையாது. அந்தக் கடிதம் போன இரண்டாவது வாரம் பணம் வந்தது.

இந்த ஆவணியோடு வள்ளத்துக்கு ஆறு வயது. புதுப்பிக்கக் கேட்டபோது மதிப்பை 4,60,000-ஆக வைக்கலாம் என்கிறார்கள். பிரீமியம் குறையும்தான். ஆனால் அதே எஞ்சினைப் புதிதாக வாங்கினால் இன்றைக்கு என்ன விலை என்று கடையில் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை அந்தத் தாளோடு நெய்யாற்றின்கரைக்குப் போகிறேன். எஞ்சினுக்கு மட்டும் மதிப்பைக் குறைக்காமல் விடுவார்களா, எக்ஸஸ் பத்தாயிரத்திலேயே நிற்குமா என்று கேட்க வேண்டும்.