ஃபக்ராவா, நீஹாவா: லெபனான் மலையில் இரண்டு ரோமானியக் கோயில் தலங்கள்

லெபனான் மலைத்தொடரில் ரோமானியர் காலக் கோயில் ஒன்றை மட்டும் காண நேரமிருப்பவர், மேற்குச் சரிவிலுள்ள ஃபக்ராவையும் பெக்கா பள்ளத்தாக்கை நோக்கிய நீஹா கிராமத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில், மழைநீர் அரித்துக் கூர்கூராக்கிய சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ஃபக்ராவின் பெரிய கோயில் நிற்கிறது. அதன் முற்றத்தையே பாறையைக் குடைந்து அமைத்திருக்கிறார்கள்; எது மலை, எது கட்டடம் என்று கண் தடுமாறும். அருகிலுள்ள கோபுரத்தில் பேரரசர் கிளாடியஸின் பெயர் பொறித்த கல்வெட்டு உண்டு. குளிர்காலத்தில் பனி மூடிவிடும்.

நீஹாவில் இயற்கைக் காட்சி இவ்வளவு மிரட்டாது; ஆனால் கோயில் பெருமளவு முழுமையாக இருக்கிறது. பெரிய கோயிலின் வாசலைத் தாண்டினால், தெய்வச்சிலை இருந்த உயர்ந்த மேடைக்கு அகன்ற படிகள் ஏறுகின்றன. வழிபட வந்தவர் நின்ற இடத்திலேயே நாமும் நின்று அண்ணாந்து பார்க்கலாம். ஹதரனெஸ் என்ற உள்ளூர்த் தெய்வத்துக்கு அர்ப்பணிக்கப்பட்ட கன்னியான ஓக்மேயா, அத்தெய்வத்தின் ஆணைப்படி 20 ஆண்டுகள் ரொட்டி உண்ணாமல் இருந்தாள் என்று இங்கே கிடைத்த லத்தீன் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. பேரரசரின் பெயரைவிட இந்தப் பெண்ணின் நோன்பே என் மனத்தைத் தொடுகிறது. ஊருக்கு மேலே, மலையில் ஹொஸ்ன் நீஹா என்ற இடத்தில் இன்னும் சில கோயில் இடிபாடுகள் உள்ளன.

பாறையின் அழகைத் தேடுபவர் கோடையில் ஃபக்ராவுக்குப் போகலாம். ஒரே நாள்தான் என்றால் நான் நீஹாவுக்கே போவேன்.