69 கேமரோ: பெரிய வண்டியும் சின்ன வண்டியும்

1969 செவர்லே கேமரோ என்ற அமெரிக்கக் காரின் அழகில் மட்டும் மயங்கியவர்களுக்கு ஒரு டாலர் சொச்சத்தில் கிடைக்கும் உலோகப் பொம்மையே போதும் என்பது என் கட்சி. மிச்சிகனில் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அதன் எஸ்எஸ் 350 ரகம் நிற்கிறது, சில கோடைகளாக அதைத் துடைக்கவும் அவ்வப்போது ஓட்டவும் விடுகிறார். அதை 64-இல் ஒரு பங்காகச் சுருக்கிய பொம்மை என் மேஜையில்.

பெரியதில் எட்டு சிலிண்டர் கொண்ட 5.7 லிட்டர் வி8 எஞ்சின், 300 குதிரைத்திறன். சைலன்சர் முதலிய பாரமெல்லாம் இல்லாமல் எஞ்சினைத் தனியாக வைத்து அளந்த அந்தக் காலத்துக் கணக்கு அது, சக்கரத்துக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவுதான். சாவி போடும் முன் ஆக்சிலரேட்டரை ஒருமுறை முழுக்க அமுக்கி விட வேண்டும், அப்போதுதான் கார்புரேட்டரில் காற்றைக் குறைக்கும் தகடான சோக் மூடும். மறந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி கிளம்பாது. கிளம்பிவிட்டால் சீட்டே அதிரும், அந்தச் சத்தத்துக்கு நான் அடிமை. ஆனால் மேடு பள்ளத்தில் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் தூக்கிப் போடும், நகருக்குள் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிய விஷயம், சட்டையில் பெட்ரோல் வாடை சாயங்காலம் வரை போகாது. ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கத்து உட்வர்ட் அவென்யூ சாலையில் பழைய கார்களெல்லாம் அணிவகுத்து ஊர்ந்து போகும்போது என் கண் வேடிக்கையில் இருக்காது, சூடு காட்டும் முள்ளிலேயே இருக்கும். பனிக்காலம் வந்தால் சாலையில் உப்புக் கொட்டுவார்கள், துருவுக்குப் பயந்து வண்டிக்கு ஏப்ரல் வரை போர்வைக்குள் தூக்கம்.

சின்னதுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 1968-இல் ஹாட் வீல்ஸ் என்ற பொம்மைக் கார் பிராண்ட் முதன்முதலில் இறக்கிய 16 கார்களிலேயே ஒரு கேமரோ உண்டு. மெல்லிய எஃகுக் கம்பியில் சக்கரம் கோத்து விட்டதால், தள்ளினால் சும்மா பறந்தது. என்னிடம் இருப்பது சாதாரண ரகம், மேலே துத்தநாகக் கலவை, அடியில் பிளாஸ்டிக், நீளம் ஏழரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. சக்கரம் அளவுக்கு மீறிப் பெரிது, ஆனால் சக்கர வளைவுக்கு மேலிருந்து பின்னோக்கி இழுத்தாற்போல ஓடும் அந்த 69-க்கே உரிய மடிப்பு அச்சு அசலாக வந்திருக்கிறது. பையன் மோதி விளையாடியதில் அந்த மடிப்பில்தான் பெயின்ட் போய்ச் சாம்பல் நிறம் தெரிகிறது.

அலமாரியில் வைக்க என்றால் ரப்பர் டயர், உலோக அடிப்பாகம் உள்ள விலை கூடிய ரகத்தை வாங்குங்கள், ஓட்டம் மந்தம், பார்வைக்கு ராஜா. பிள்ளைகளுக்கு பிளாஸ்டிக் சக்கரமே நல்லது. நிஜ வண்டியேதான் வேண்டுமென்றால் பானெட்டைத் திறக்கும் முன் கீழே படுத்து, பின் சக்கர வளைவின் உள்பக்கத்தை விரலால் தட்டிப் பாருங்கள். மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே துரு தின்றிருக்கும்.