யூ-பிளாக்ஸ் ஸெட்-எஃப்9பி: டிராகன்ஸ்பெர்க் பனியை அளக்குமா?

தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலைகளில் பனி ஆழம் மட்டும் போதுமென்றால், ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் சிக்னல்களைப் பெறும் இந்த ரிசீவர் தாராளம். ஆன்டெனாவை 2 மீட்டர் கம்பத்தில் ஏற்றி, அடிவானத்திலிருந்து 5 முதல் 25 பாகை உயரத்தில் தெரியும் செயற்கைக்கோள்களின் சிக்னல் வலிமையைப் பதியுங்கள். நேராக வரும் அலையும் பனியில் பட்டுத் தெறித்த அலையும் கலப்பதால் வலிமை ஏறி இறங்கும். அந்த அலைவு எவ்வளவு நெருக்கமோ, பனிப்பரப்பிலிருந்து ஆன்டெனா அவ்வளவு உயரம். வெறுந்தரைக்கு எடுத்த உயரத்திலிருந்து இதைக் கழித்தால் ஆழம். விலையுயர்ந்த சோக்-ரிங் ஆன்டெனா இங்கே வீண், தெறிப்பை அடக்கத்தான் அதைச் செய்கிறார்கள்! வலிமையை முழு டெசிபலாக மட்டுமே தருவது குறைதான். பல செயற்கைக்கோள் தடங்களைச் சராசரி எடுத்துச் சமாளிக்கலாம்.

டர்பனிலிருந்து டிராகன்ஸ்பெர்க்கின் சானி பாஸ் கணவாய்ப் பக்கம் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: மெல்லிய பனி அளவீட்டுப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். புல்லும் கணக்கைக் குழப்பும். வெறுந்தரை அளவைப் புல் காய்ந்தபின் எடுங்கள். பனிக்குள் இருக்கும் நீரளவு தெரிய, பனிக்கடியில் இன்னொரு ஆன்டெனாவும் ரிசீவரும் வேண்டும்.