கடல் அட்டை: தடையா, உரிமமா, பண்ணையா?

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 30 கிலோமீட்டர்கூட இல்லை. இந்தக் கரையில் ஒரு வெள்ளை அட்டையோடு (கடலடி மணலில் ஊரும் மெத்தென்ற கடல் அட்டைகளில் ஒரு வகை) கையும் களவுமாகப் பிடிபட்டால் சிறை. அந்தக் கரையில் கையில் உரிமம் இருந்தால் அது தொழில், அனுமதியோடு அனுப்பினால் அந்நியச் செலாவணி. பிடிப்பவர் பேசுவது இரண்டு பக்கமும் தமிழ்தான். அட்டையைக் காப்பாற்ற எந்த வழி மேல் என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

முதலில், கரைக்கு வந்த அட்டை என்ன ஆகிறது என்று சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் அதை யாரும் சாப்பிடுவதில்லை, போவதெல்லாம் சீனச் சந்தைக்கு. வயிற்றைக் கீறிக் குடலை எடுப்பார்கள். அண்டாவில் அவித்து, ராத்திரி முழுக்க ஈர மணலில் புதைத்து வைப்பார்கள். மறுநாள் தோண்டியெடுத்துக் காலால் மிதித்தால், தோல் மேலிருக்கும் சுண்ணாம்புப் படலம் கழன்றுவரும். திரும்பவும் அவித்து வெயிலில் போட்டால், எடை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கி, கருகிய விறகுத் துண்டு மாதிரி ஆகிவிடும். அந்தத் துண்டைப் பார்த்து அது எந்தக் கடலில் பிடித்தது, எப்போது பிடித்தது, கடலில் வளர்ந்ததா பண்ணையில் வளர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லா விதிகளும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

இந்தியா முதலில் போட்டது அளவு விதி. 1982இல், 3 அங்குலத்துக்குக் குறைந்த பதப்படுத்திய அட்டையை ஏற்றுமதி செய்யக்கூடாது என்றார்கள். காகிதத்தில் நல்ல விதி. ஆனால் அளப்பது எங்கே? ஏற்றுமதிக்குப் பொட்டலம் கட்டும் இடத்தில். அதற்குள் அட்டை செத்து, வெந்து, காய்ந்திருக்கும். சின்னதைக் கழித்துவிட்டால் அது திரும்பக் கடலுக்குப் போகப் போவதில்லை. சரி, கடலிலேயே அளக்கலாமே என்றால், உயிருள்ள அட்டை தொட்டதும் சுருங்கும், விட்டால் நீளும். மீனுக்கு வைக்கும் அளவுகோல் இதற்குச் சரிவராது. இந்த வழியைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

அப்புறம் வந்தது முழுத் தடை. 2001இல் எல்லாக் கடல் அட்டை இனங்களையும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கும் அதே பட்டியல். குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை.

தடைக்கு ஆதரவாக ஒரு காரணம் உண்டு, அது வலுவானது. அட்டை இணைசேர்வதில்லை. ஆண் அட்டை உடலின் முன்பாதியை மணலிலிருந்து நிமிர்த்தி, ஆடி ஆடித் தண்ணீரில் விந்தை விடும். பக்கத்தில் இருக்கும் பெண் அதை உணர்ந்து முட்டைகளை விடும், லட்சக்கணக்கில். "பக்கத்தில்" என்பதுதான் முக்கியம். அரித்தெடுத்தபின் ஆங்காங்கே ஒன்றிரண்டு மிஞ்சினால், அவை உயிரோடு இருந்தும் பயனில்லை. முட்டையும் விந்தும் சந்திக்காமலே கரைந்துபோகும். கொஞ்சம் குறைத்துப் பிடிப்போம் என்ற பேச்சு இங்கே எடுபடாது. நெருக்கம் திரும்பும்வரை கைவைக்காமல் இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் தடையின் விலையை யார் கொடுத்தார்கள்? பெரிய ஏற்றுமதியாளர் வேறு சரக்குக்கு மாறிக்கொண்டார். ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் சங்கு குளித்தும் அட்டை எடுத்தும் பிழைத்தவர்களுக்கு ஒரே நாளில் பாதி வருமானம் குற்றமானது. இறாலுக்கு இழுக்கும் மடியில் அட்டை தானாக ஏறும், கேட்டுக்கொண்டு ஏறாது. போதாததற்கு, வியாபாரமும் நிற்கவில்லை. மண்டபம், வேதாளை என்று மூட்டை பிடிபட்ட செய்தி வராத மாதம் அபூர்வம். காய்ந்த சரக்கு படகேறி அக்கரை போய்ச் சேர்ந்தால் இலங்கைச் சரக்காகிவிடுகிறது. ஒரே கடலில் ஒரு கரை மட்டும் பூட்டினால், மறுகரையின் உரிமச் சீட்டு திருட்டுச் சரக்கை வெளுக்கும் சலவைத்தொட்டியாகிவிடும்.

அக்கரையின் உரிம முறை அப்படியானால் தேறியதா? சட்டப்படி நடப்பதால் பிடிப்பவர் ஒளிய வேண்டியதில்லை. எவ்வளவு பிடிபடுகிறது என்ற கணக்காவது இருக்கும். இந்தியப் பக்கம் 2001க்குப் பிறகு அந்தக் கணக்கு கிடையாது, பிடிபட்ட மூட்டைகளின் கணக்கு மட்டும்தான். இது சின்ன விஷயமில்லை. ஆனால் உரிமம் ஆளுக்குத்தான், அட்டைக்கு அல்ல. காற்றுச் சிலிண்டர் கட்டிய சுழியோடிகள் இரவில் விளக்கோடு இறங்கி அள்ளும்போது, விலை உயர்ந்த இனங்கள் முதலில் தீரும். பிறகு இன்னும் ஆழம் போக வேண்டும், ஆழம் கூடினால் சுழியோடியின் உடம்பு பாதிக்கும். 2018இல் யாழ்ப்பாணத்தின் வடமராட்சி கிழக்கில், வெளி மாவட்டத்திலிருந்து வந்து வாடி (கரையோரக் குடில்) போட்டு அட்டை பிடித்தவர்களுக்கு எதிராக உள்ளூர் மீனவர்கள் போராடினார்கள். உரிமம் கொடுத்தது கொழும்பு, கடல் காலியாவது எங்கள் வாசலில் என்பதுதான் அவர்கள் கோபத்தின் சாரம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இப்போது எல்லோரும் கைகாட்டுவது பண்ணையை. இதில் ஒரு வேடிக்கை. வெள்ளை அட்டையின் குஞ்சை உலகிலேயே முதன்முதலாகப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்தது தூத்துக்குடியில். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1988இல் செய்தது. பதின்மூன்று ஆண்டு கழித்துத் தடை வந்தது. அந்த வித்தை இங்கே தொழிலாகவே இல்லை. வியட்நாமும் மடகாஸ்கரும் அதே இனத்தை வளர்த்து விற்கின்றன. மடகாஸ்கரின் தென்மேற்கில் ஊர்க் குடும்பங்களே ஆழமில்லாத கடலில் வலையடைப்பு வைத்திருக்கின்றன. குஞ்சு தனியார் பொரிப்பகத்திலிருந்து வருகிறது, வளர்ந்ததும் அதே நிறுவனம் வாங்கிக்கொள்கிறது.

யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரைகளிலும் பண்ணைகள் வந்துவிட்டன. அங்கே பிரச்சினை அட்டையோடு அல்ல, இடத்தோடு. அடைப்பு போட வாகான இடம் சாதாழை எனும் கடற்புல் வளரும் ஆழமில்லாத கடல். நண்டும் இறாலும் பிடித்து வாழும் ஏழை மீனவரின் இடமும் அதுதான். பொதுக்கடலில் கம்பு நட்டு ஏக்கர் கணக்கில் ஒருவர் அடைத்துக்கொண்டால் மற்றவர் படகு எந்த வழியாகப் போகும்? கௌதாரிமுனையிலும் கிராஞ்சியிலும் எதிர்ப்பு கிளம்பியது இதனால்தான். இன்னொரு ஓட்டையும் இருக்கிறது: பண்ணைக்காரர் கடலில் பிடித்த அட்டையை அடைப்புக்குள் போட்டுவிட்டு "வளர்த்தேன்" என்றால், காய்ந்தபின் மறுக்க ஆதாரம் ஏது?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வேறொரு முறை: பவளத்திட்டுப் பகுதியை 154 வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சில நாள் மட்டும் அட்டை எடுக்க விடுகிறார்கள். பழவேற்காட்டில் முறை வைத்து வலை போடும் 'பாடு' என்ற வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் குயின்ஸ்லாந்தில் உரிமம் வைத்திருப்பவர்கள் 20 பேருக்கும் குறைவு. ராமநாதபுரம் கரையில் எத்தனை ஆயிரம் பேர் என்று யோசித்தால் ஒப்பீடு அங்கேயே நின்றுவிடும்.

என்னைக் கேட்டால், கடலில் பிடிப்பதற்கான தடை இப்போதைக்கு நீங்கக்கூடாது. சொல்லப்போனால் அக்கரையிலும் வேண்டும். கூடவே தூத்துக்குடி வித்தையைத் தூசு தட்டி எடுக்கலாம். குஞ்சு அரசுப் பொரிப்பகத்திலிருந்து மட்டும் வர வேண்டும், அடைப்பு ஊருக்குப் பொதுவாக இருக்க வேண்டும், பாதிக் குஞ்சைத் திரும்பக் கடலில் விட வேண்டும். இதில் கடைசி நிபந்தனையை எந்த முதலாளியும் விரும்ப மாட்டார், தெரியும்.

அதற்கு முன்னால், செலவே இல்லாமல் செய்யக்கூடியது ஒன்று. வலையில் சிக்கிய ஆவுளியாவை (கடல் பசுவை) உயிரோடு விடும் மீனவரை வனத்துறை மேடையேற்றிப் பாராட்டுகிறது. வலையில் அட்டை ஏறிய மீனவரோ, சோதனைக்குப் பயந்து, கரை தெரிந்ததும் அதைச் சத்தமில்லாமல் வீசிவிட்டு வருகிறார். அட்டை அதற்குள் குடலைக் கக்கியிருக்கும். ஏறிய இடத்திலேயே உடனே விட்டுவிட்டு, எந்த இடம், எத்தனை என்று வந்து சொல்பவர் மேல் வழக்கில்லை என்று ஓர் உத்தரவு போட்டால், இருபது ஆண்டுக்கும் மேலாக இல்லாத கணக்கு அந்தப் படகுகளிலிருந்தே வந்து சேரும்.