மருந்து சாப்பிடும் வயதான நாய்க்கு டயப்பரா, ட்ரை ஷீட்டா?

இதய நோய்க்கான சிறுநீர் பெருக்கி மருந்து ஃபியூரோசமைடு கொடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் சிறுநீர் முட்டும். ஆறு மணி நேரம் வரை வேகம் இருக்கும். ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தாகத்தையும் கூட்டும். அதற்காகத் தண்ணீரைக் குறைக்கவே கூடாது, சிறுநீரகம் பாதிக்கப்படும்.

டயப்பர் சோபாவையும் காரையும் காக்கும். சிறுநீர் மட்டும் கசியும் ஆண் நாய்க்கு வயிற்றுப் பட்டையே போதும். இரண்டு விரல் நுழையும் தளர்வு வேண்டும். ஈரத்தோடு விட்டால் தோல் வெந்து சிவக்கும், பெண் நாய்க்குச் சிறுநீர்த் தொற்றும் வரலாம். நனைந்தவுடன் கழற்றி, வெதுவெதுப்பான நீரால் துடைத்து, முழுக்க உலரவிடுங்கள். குழந்தைகளுக்கான ஜிங்க் ஆக்சைடு க்ரீம் வேண்டாம், நக்கினால் விஷம். பெங்களூரில் பயன்படுத்திய டயப்பரைச் செய்தித்தாளில் சுற்றி, சிவப்புக் குறி போட்டுத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு விரிக்கும் ட்ரை ஷீட்டில் தோலுக்குக் காற்றுபடும், நாய்க்கும் நிம்மதி. ஆனால் டைல்ஸில் வழுக்கும். மூட்டுவலி உள்ள பாவப்பட்ட ஜீவன் விழுந்துவிடும். அடியில் யோகா மேட் போடுங்கள். பெங்களூர் மழைக்காலத்தில் துணி காயாது, நான்கு ஷீட்டாவது வேண்டும். துவைக்கும்போது கம்ஃபர்ட் போன்ற சாஃப்ட்னர் சேர்த்தால் உறிஞ்சும் திறன் குறையும்.

வீட்டில் ஷீட், பயணத்துக்கு டயப்பர் என்பதே எங்கள் தேர்வு. எதுவானாலும் தரைக்கு என்சைம் கிளீனர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். ஃபினாயில் வாசனையை மறைக்குமே தவிர நாயின் மூக்கை ஏமாற்றாது. நாய் முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழித்தாலோ ரத்தம் தெரிந்தாலோ அன்றே மருத்துவரிடம் சிறுநீர்ப் பரிசோதனை.