இலங்கை மலையகத்து வேளாண்காட்டு வகுப்புக்கு டெலிகிராம் சரிவருமா? ஒரு மதிப்பாய்வு

மரங்களையும் பயிர்களையும் ஒரே வரிசையில் அடுக்கடுக்காக வளர்க்கும் சின்ட்ரோபிக் வேளாண்காட்டைக் கற்றுக்கொடுக்க இணையத்தில் ஒரு குழு தொடங்க விரும்புகிறவர்கள் எந்த ஆப் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நாங்கள் எதையும் ஒரே அளவுகோலால்தான் பார்க்கிறோம். ஆறு மாதத்துக்கு முன் ஒருவர் போட்ட வரிசையின் படத்தை, இன்று சேர்ந்தவர் அரை நிமிடத்தில் தேடி எடுக்க முடிய வேண்டும். அது முடியாத இடத்தில் நலம் விசாரிக்கலாம், தோட்டம் கற்க முடியாது.

காரணம் இந்த முறையிலேயே இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஏர்ன்ஸ்ட் கோட்ச், 1980களில் பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் தேய்ந்துபோன சுமார் 500 ஹெக்டேயர் நிலத்தை எடுத்து, கொக்கோவையும் வாழையையும் காட்டு மரங்களோடு கலந்து வளர்த்து உருவாக்கியது இது. ஒரே நாளில், ஒரே வரிசையில் முள்ளங்கியும் போஞ்சியும் மரவள்ளியும் வாழையும் கோப்பியும் ஆனைக்கொய்யாவும் இறங்குகின்றன. முள்ளங்கி ஒரு மாதத்தில் வெளியேறும். போஞ்சி இரண்டு மூன்று மாதத்தில் முடியும். வாழை அடுத்த வருடம் குலை தள்ளும்போது அதன் நிழலில் கோப்பி நின்றுகொண்டிருக்கும். உயரத்துக்கும் கணக்கு உண்டு: உச்சி அடுக்கு நிலத்தில் 20 வீதத்தை மூடலாம், மேல் அடுக்கு 40, நடு அடுக்கு 60, கீழ் அடுக்கு 80. ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிற்பதால் கூட்டுத்தொகை நூறைத் தாண்டுவதில் பிழையில்லை. இந்த அளவைக் காப்பாற்றுவது கவ்வாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. தேயிலைக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை வரும் கவ்வாத்து, இங்கே கிளிரிசிடியா மரத்துக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். ஆகவே படிக்க வேண்டியது ஒரே நிலம் காலத்தோடு மாறும் விதத்தை. தனித்தனிப் படங்களில் அது தெரியாது.

இந்த இடத்தில்தான் வாட்ஸ்அப் தோற்கிறது. எல்லோர் கையிலும் இருக்கிறது, 1,024 பேர் வரை ஒரு குழுவில் சேரலாம், டேட்டாவும் குறைவாகத்தான் தின்னும். ஆனால் புதிதாகச் சேர்கிறவருக்குப் பழைய உரையாடல் முழுவதும் திறப்பதில்லை. எழுபது பேர் உள்ள குழுவில் காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவே ஒருவரின் வாழைக்கன்றுப் படம் ஒரே நாளில் புதைந்துபோகும். வாட்ஸ்அப்பை விடச் சொல்லவில்லை. அறிவித்தலுக்கும் நினைவூட்டலுக்கும் அதுவே போதும். வகுப்பறையை வேறிடத்தில் வைக்க வேண்டும்.

டெலிகிராமின் ‘டாப்பிக்ஸ்’ வசதி 2022 நவம்பரில் வந்தது. ஒரு குழுவுக்குள் தனித்தனித் தலைப்புகள் திறக்கலாம், ஒவ்வொன்றும் ஒரு கொப்பிபோல இயங்கும். பழைய பதிவுகளைப் புதியவருக்குக் காட்டும் அமைப்பும் இருக்கிறது. தொடங்கும் அன்றே அதைத் திறந்துவிட வேண்டும். அதிகம் தலைப்பு வைத்தால் எவரும் சரியான இடத்தில் போடமாட்டார்கள். அறிவித்தல், கேள்வி, விதையும் கம்பும், கணக்கு, மேற்குப்பக்கக் காலண்டர், ஊவாக் காலண்டர் என்று ஆறு பொதுத் தலைப்புகள் போதும். அதற்கு மேல் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு தலைப்பு.

இரண்டு காலண்டர் என்பதை வலியுறுத்திச் சொல்கிறோம். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை கொட்டும். அதே மாதங்களில் ஊவாவின் பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கம் வறண்ட கச்சான் காற்று அடித்து மண் காயும். அங்கே நடுவதற்கு ஒக்டோபர் மழையைப் பிடிக்க வேண்டும். இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டால் ஹட்டனில் ஒருவர் நட்டதைப் பார்த்து பசறையில் ஒருவர் ஜூனில் நட்டுக் கன்றைச் சாகவிடுவார். பிரேசில் வீடியோக்களைப் பார்க்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை: அது தென்னரைக்கோளம், அவர்களின் மாதக் கணக்கு நமக்குப் பொருந்தாது. அங்கே உச்சி அடுக்குக்கு யூகலிப்டஸ் வைப்பதைப் பார்த்து இங்கே நீரூற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிடவும் கூடாது.

நிலத்துத் தலைப்பு எப்படி இருக்க வேண்டும்? பெயருக்குப் பதில் இலக்கம் வையுங்கள்: ‘நிலம் 14, 900 மீற்றர், மேற்கு’. உயரம் கட்டாயம். 600 மீற்றர் வரை தாழ்நிலம், 1,200 வரை இடைநிலம், அதற்கு மேல் உயர்நிலம் என்று தேயிலைக்காரர்கள் பிரிக்கும் பிரிவே இங்கும் உதவும். இடைநிலத்தில் கிளிரிசிடியாவும் மிளகும் வாழையும் செழிக்கும். நுவரெலியாவை அண்டிய உயரத்தில் கிளிரிசிடியா மந்தம், வாழையும் தாமதம். அங்கே முள்முருக்கும் மரத்தக்காளியும்தான் வேலை செய்யும். தை, மாசியில் உறைபனி விழும் பள்ளங்களில் இளங்கன்றுக்கு மேல் காய்ந்த புல் போட வேண்டும். இந்தத் தகவல் தலைப்பிலேயே இருந்தால் பதில் சொல்கிறவர் தவறான ஆலோசனை தரமாட்டார்.

முதல் பதிவில் பரப்பளவையும் எழுத வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் வீட்டோடு கிடைத்தது பெரும்பாலும் 7 பேர்ச். ஒரு பேர்ச் ஏறத்தாழ 25.3 சதுர மீற்றர் என்றால் மொத்தம் 177. வீடு, வழி, கழிவறை, தண்ணீர்த் தாங்கி போகப் பயிருக்கு 100 சதுர மீற்றர் தேறினால் நல்லது. ஆகவே பாடம் ஹெக்டேயரில் பேசக்கூடாது. 6 மீற்றர் நீள வரிசை மூன்று, ஒவ்வொன்றும் 1 மீற்றர் அகலம், இடையில் ஒன்றரை மீற்றர் மானாப்புல் பட்டி. புல்லை வெட்டி வரிசைமேல் போடுவதற்காகவே அந்தப் பட்டி. சரிவில் சமவுயரக் கோட்டில்தான் வரிசை போட வேண்டும். மூன்று கம்பும் ஒரு கயிறும் ஒரு கல்லும் இருந்தால் சமவுயரம் பார்க்கும் ‘ஏ’ சட்டம் தயார். மேலிருந்து கீழாக ஓடும் வரிசை ஒரே மழையில் கானாகிவிடும். செங்குத்தான இடத்தில் நீர் தேங்கும் குழி வெட்டச் சொல்லும் வீடியோக்களைக் குழுவில் பகிரவே விடாதீர்கள். நீர் ஊறிக் கனத்த சரிவுதான் மண்சரிவாக இறங்குகிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை இருக்கும் பகுதியில் மண்ணை வெட்டாமல் புல்லும் கம்பும் நடுவதோடு நிற்க வேண்டும்.

படத்துக்கு ஒரு ஒழுங்கு தேவை. வரிசையின் தொடக்கத்தில் ஒரு முளை அடித்து, அதே முளையிலிருந்து, அதே உயரத்தில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு படம். கவ்வாத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. பக்கத்தில் ஒரு மீற்றர் கோல். படத்தோடு மூன்று வரி: என்ன வெட்டினோம், எவ்வளவு மூடாக்கு (மண்ணை மூடப் போடும் இலை, தழை) விழுந்தது, எது அறுவடையானது. மூடாக்கை ‘நிறைய’ என்று எழுதாமல் உரப்பைக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். பிழைகள் அப்போதுதான் கண்ணில் படும். போஞ்சி நெடுநெடுவென்று இழுத்து வளர்ந்தால் மேலே கவ்வாத்துப் பிந்திவிட்டது. இலை மஞ்சளாகிக் கன்று நின்றுபோனால், மரத்தூளையோ சுள்ளியையோ மண்ணோடு கிளறிவிட்டிருக்கலாம். மண்ணுக்குள் போன மரத்துண்டு உக்கும்போது நைதரசனைத் தனக்கு எடுத்துக்கொள்ளும், மேலே கிடந்தால் அப்படி இழுக்காது. காட்டுச் சூரியகாந்தி பரவினால், பூத்த பிறகு வெட்டியிருப்பார்கள், அல்லது கணுவோடு பச்சைத் தண்டை ஈர மண்ணில் போட்டிருப்பார்கள். மலையகத்து வீதியோரம் முழுக்க இலவசமாகக் கிடைக்கும் அருமையான மூடாக்கு அது. பூக்குமுன் வெட்டி, தண்டைக் கல்மேல் காயவிட்டுப் போட்டால் ஆபத்தில்லை. பழைய தேயிலை மண் புளிப்பு என்பதும் நினைவில் இருக்கட்டும். பி.எச். 5க்குக் கீழே இருந்தால் டொலமைட் (சுண்ணாம்புத் தூள்) போடாமல் மரக்கறியை எதிர்பார்ப்பது வீண்.

குரல் பதிவு மலையகத்துக்கு வரப்பிரசாதம். எழுதத் தயங்கும் மூத்த பெண்களிடம்தான் விதையறிவும் கம்பறிவும் இருக்கிறது, அவர்கள் பேசினால் குழு உயரும். ஆனால் குரலைத் தேட முடியாது. ஒவ்வொரு குரல் பதிவின் கீழும் குழு நடத்துனர் அதன் சாரத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். எழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு: கிளிரிசிடியா, கிளிசெரியா, சீமைக்கிளுவை என்று ஒரே மரத்துக்குப் பல பெயர். தேடினால் பாதிதான் வரும். முப்பது நாற்பது செடிகளுக்கு ஒரே எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து, பட்டியலை மேலே பின் பண்ணி வையுங்கள்.

டெலிகிராமின் இன்னொரு நன்மை, தொலைபேசி இலக்கத்தை மறைக்கலாம். பெண்கள் சேர இது பெரிய காரணம். சேரும்போதே அமைப்பில் ‘எவருக்கும் காட்டாதே’ என்பதைத் தெரிவுசெய்ய உதவ வேண்டும். குறைகளும் சொல்லியாக வேண்டும். குழு உரையாடல் வாட்ஸ்அப்பைப்போல முழு மறையாக்கம் உடையதல்ல, எனவே அடையாள அட்டை, வங்கி விவரம் எதுவும் அங்கே போகக்கூடாது. படத்தைக் கோப்பாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகலாம், சாதாரணப் படமாக அனுப்பச் சொல்லுங்கள். தானாகத் தரவிறங்கும் அமைப்பை நிறுத்தாவிட்டால் ஆயிரம் ரூபா ரீலோட் ஒரு வாரத்தில் கரையும், போனும் நிரம்பும். நடத்துனர் இருவருக்கும் இரட்டைப் பூட்டுக் கடவுச்சொல் கட்டாயம்.

நேரடி வகுப்புக்கு ஸூமின் இலவசக் கணக்கு 40 நிமிடம், 100 பேர். அதுவே போதும். கொழுந்தெடுத்து வந்து சமையல் முடித்து இரவு எட்டு மணிக்கு உட்காருகிறவருக்கு அதற்குமேல் ஓடாது. ஆனால் லயத்துக்குள் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சிக்னல் இல்லாமல் மேட்டில் மட்டும் கிடைக்கும் தோட்டங்கள் நிறைய உண்டு. ஆகவே வகுப்பின் சாரத்தைப் பத்து நிமிடக் குரலாக அன்றிரவே குழுவில் போட வேண்டும். வீடியோவை விடப் பல மடங்கு சிறியது அது. இணைய வகுப்பறைக்கு மூடல் (Moodle) சிறந்த மென்பொருள், இலவசமும்கூட. ஆனாலும் சேர்வர் வாடகையும் பராமரிக்க ஒரு ஆளும் வேண்டும். 300 பேருக்குச் சான்றிதழ் தரும் நாள் வந்தால் பார்க்கலாம்.

இனிப் பணம். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவானது. மாதச் சந்தா அதில் பத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் கருத்து. 60 பேர் 100 ரூபா கட்டினால் 6,000. இரண்டு நடத்துனருக்கு டேட்டா, நாற்றுத் தவறணைக்குப் பைகள், மாதம் ஒரு நிலத்துக்குப் போய்வரப் பஸ் செலவு என்பவற்றுக்கு அது சிக்கனமாகப் போதும். மரண உதவிச் சங்கத்துக்கும் சீட்டுக்கும் மாதாமாதம் கட்டிப் பழகிய சமூகம் இது, அதே ஒழுங்கில் வசூலியுங்கள். பணமில்லாதவர் கம்பாகக் கட்டலாம்: ஒன்றரை மீற்றர் நீளம், 4 சென்ரிமீற்றர் தடிப்பு, பட்டை கிழியாத கிளிரிசிடியாக் கம்பு பத்து. குழுவுக்கு அது ரூபாவை விடப் பயன். கட்டாதவருக்குப் பாடத்தைப் பூட்டுவது மட்டும் வேண்டாம். பூட்டினால் அவர் நிலத்தின் படம் நின்றுவிடும், இழப்பு எல்லோருக்கும்தான்.

வெளிநாட்டு ஆதரவாளர்களிடம் பணம் பெற, மாதச் சந்தா வாங்கும் தளமான பேட்ரியன் பயன்படும், ஆனால் கழிவுகளைக் கணக்கிடுங்கள். 2025 ஓகஸ்ட்டுக்குப் பின் தொடங்கும் பக்கங்களுக்குத் தளக் கட்டணம் 10 வீதம். அட்டைக் கட்டணமும் சேர 5 டொலரில் 4 டொலர் அளவே மிஞ்சும், பணத்தை எடுப்பதற்கு வேறு கட்டணம். பேபாலில் இலங்கைக் கணக்குக்குப் பணம் பெறும் வழி நீண்ட காலமாக இருக்கவில்லை, பலரும் பேயோனியர் வழியாகவே எடுக்கிறார்கள். பக்கம் திறக்குமுன் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் வெளியே கிடைத்தாலே இதில் இறங்கலாம், இருவர் மூவருக்கு வங்கி வழியாக அனுப்பச் சொல்வதே மேல். உள்ளூரில் லங்கா கியூஆரும் வங்கி ஆப்பும் போதும். கணக்கு ஒருவர் பெயரில் இருக்கக்கூடாது, மூவரில் இருவர் கையெழுத்திட வேண்டும். மாத முதல் வாரம் கணக்குத் தலைப்பில் இருப்பு, வரவு, செலவு, பற்றுச்சீட்டுப் படம். திட்ட நிதி கிடைத்தால் கைவாளுக்கும் தவறணை நிழல்வலைக்கும் செலவிடுங்கள். அதை மாதச் செலவில் கலந்தால், திட்டம் முடியும் மாதத்தில் குழுவும் முடியும்.

கடைசியாக ஒன்று. டெலிகிராமின் கணினிப் பதிப்பில் குழுவின் முழுப் பதிவையும் படங்களோடு வெளியே எடுக்கும் வசதி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, இரண்டு பென்ட்ரைவில் போட்டு, இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். ஒன்றை லயத்தில் வைப்பதானால் அடுப்புப் புகையும் ஈரமும் படாத தகர டப்பாவில்.